கிழிபடாத பத்திரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் வந்த ஆண்டு 1927. விருதுநகரில் பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போய்ச் சேரும் பாதை அது, அன்று மீட்டர் கேஜ். தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதில் வண்டி ஓட்டியது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு முழுக்க இந்த வட்டாரத்துக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோதான் (இன்றைய விருதுநகர்) போக வேண்டும். மதுரை–தூத்துக்குடிப் பாதை அந்தப் பக்கம் 1876இலேயே போடப்பட்டுவிட்டது.

பழைய ரயில்வே பங்குப் பத்திரங்களையும் கடன் பத்திரங்களையும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் அப்படி ஒரு பத்திரம் அகப்படுமா என்று யாராவது கேட்டால், அநேகமாக அகப்படாது என்றே சொல்வேன். நிலப் பத்திரம் இருக்கும், புரோநோட்டு இருக்கும், மில் ஷேர் இருக்கும், இந்த ரயில்வே கம்பெனியின் பத்திரம் மட்டும் இருக்காது. வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடிய ரயிலின் பத்திரம் ஏன் அந்த வீட்டுக்குள் வரவில்லை என்பது வெறும் சேகரிப்பாளர் கவலை இல்லை. தெற்குச் சீமையின் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் இந்தச் சேகரிப்பைப் பற்றிக் கொஞ்சம். காலாவதியான பங்குப் பத்திரங்களையும் கடன் பத்திரங்களையும் தபால்தலை போல அட்டவணை போட்டு, ஏலம் விட்டு, ஆல்பத்தில் அடுக்கும் பழக்கம் 1970களின் நடுவில்தான் ஐரோப்பாவில் சூடுபிடித்தது. 1978இல் லண்டனில் இதற்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே தொடங்கப்பட்டது. இந்தச் சந்தையில் எதையும்விட ரயில்வே காகிதமே அதிகம் புழங்குகிறது. காரணம் எளிது. ஒரு பஞ்சாலையை ஒரு குடும்பமோ நாலு பங்காளிகளோ சேர்ந்து நிறுத்திவிடலாம். நூற்றுக்கணக்கான மைல் தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேரின் பணம் வேண்டும். முகம் தெரியாதவரிடம் பணம் கேட்க வேண்டுமானால், நம்பும்படியாக ஒரு காகிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ரயில்வே பத்திரங்கள் அவ்வளவு படாடோபமாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்கப் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்ற, கரன்சி அச்சடிக்கும் நிறுவனங்கள்தான் அவற்றையும் அச்சடித்தன. எஃகுத் தகட்டில் ஊசிமுனையால் செதுக்கிய படம்: புகை கக்கும் எஞ்சின், அதன் இருபுறமும் கிரேக்க தேவதைகள் போன்ற உருவங்கள். அந்த மனித உருவங்கள் வெறும் அலங்காரத்துக்கு இல்லை. மனித உடலின் மேடு பள்ளத்தையும் சதையின் நிழலையும் கள்ளத்தனமாகச் செதுக்குவது கடினம் என்பதால், நியூயார்க் பங்குச்சந்தை தன்னிடம் பதிவான பத்திரங்களில் மனித உருவம் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டது. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்த எவரும் பூதக்கண்ணாடியை வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆப்செட், பிற்கால நகல். கோடு கோடாகத் தெரிந்து, விரல் நுனியால் தடவினால் மை லேசாகத் துருத்திக்கொண்டு நின்றால் அது தகட்டிலிருந்து நேராக எடுத்த அசல். ஏல வியாபாரிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பாதி சங்கதி இதுதான்.

இவ்வளவு அழகான காகிதமாயிற்றே, யானை விலை இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலான அமெரிக்க ரயில்வே பத்திரங்கள் ஓட்டலில் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. அங்கே ஒருவர் பங்கை விற்றால் பழைய பத்திரத்தைக் கம்பெனி திரும்ப வாங்கி, துளையிட்டு ரத்து செய்து, தன் கட்டிலேயே வைத்துக்கொண்டது. பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968இல் இணைந்து பென் சென்ட்ரல் ஆனது, இரண்டே ஆண்டில், 1970 ஜூனில், அது திவாலானது. அதுபோன்ற கம்பெனிகளின் கிடங்குகளில் கிடந்த துளையிட்ட பத்திரங்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ஜே கூல்டு, வாண்டர்பில்ட் போன்ற ரயில்வே முதலாளிகளின் கையெழுத்து இருந்தால் மட்டும் விலை வேறு. சேகரிப்பாளர்கள் பத்திரத்துக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்தக் கையெழுத்துக்கும் படத்துக்கும்தான். எனக்கு இது சற்று ஏமாற்றமான ரசனையாகவே படுகிறது. பத்திரத்தில் படிக்க வேண்டிய இடம் வேறு.

நம்மூரில் கடன் அடைந்தால் புரோநோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கிழிபடாமல் இருக்கிறதென்றால் பாக்கி இருக்கிறது என்று பொருள். ரயில்வே பத்திரங்களுக்கும் இதே நியாயம்தான். ஒழுங்காக வட்டி கட்டி, தவணை முடிந்து அசலும் தீர்ந்த பத்திரத்தை, கடன் வாங்கியவன் திரும்ப வாங்கி அழித்துவிடுகிறான். நூறாண்டு கழித்தும் ரத்தாகாமல் கத்தை கத்தையாகக் கிடைப்பது யாரும் பணத்தைத் திருப்பிக் கொடுக்காத பத்திரம்.

ஜார் காலத்து ரஷ்ய ரயில்வே கடன் பத்திரங்கள் இதற்கு நல்ல சான்று. பிரெஞ்சுக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பை அவற்றில் கொட்டியிருந்தன. 1918 தொடக்கத்தில் சோவியத் அரசு, பழைய அரசின் கடன்கள் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஆணை போட்டுவிட்டது. பாதி கூப்பன் வெட்டப்பட்டு, மீதிக் கூப்பன்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும் பத்திரங்களை இன்றும் ஐரோப்பாவில் பார்க்கலாம். கூப்பன் என்பது ஆறு மாதத்துக்கொரு முறை கத்தரித்து வங்கியில் நீட்டி வட்டி வாங்கும் சிறு சீட்டு. எந்தத் தேதியோடு கத்தரி நின்றுவிட்டது என்று பார்த்தாலே ஓர் அரசு எப்போது விழுந்தது என்று தெரிந்துவிடும். சீனத்தின் 1911ஆம் ஆண்டு ஹூகுவாங் ரயில்வே தங்கக் கடனும் இந்த ரகம்தான். 1979இல் அமெரிக்கப் பத்திரதாரர்கள் சிலர் மக்கள் சீனத்தின்மேல் அலபாமா நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். பல ஆண்டு நடந்த வழக்கில் முடிவில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்திய ரயில்வேயின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1850களின் இறுதியில் அங்கே உருவானது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து பாதை திறக்க ஆரம்பித்து அடுத்த ஆண்டு திருச்சியைத் தொட்டது. இன்னொரு கம்பெனி இந்தியன் டிராம்வே. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சிறு பாதை போட்டது. அரசின் வட்டி உத்தரவாதம் இல்லாமல் துணிந்து இறங்கிய கம்பெனி அது. தாக்குப்பிடிக்க முடியாமல் பிறகு உத்தரவாதம் பெற்று, கர்நாடிக் ரயில்வே என்று பெயரும் மாற்றிக்கொண்டது. 1874இல் இரண்டும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனியாயின. அந்தப் பக்கம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தனியாக இருந்தது, 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயிலை விட்ட கம்பெனி.

உத்தரவாதம் என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. லண்டனில் ஒருவர் 100 பவுன் போட்டால், ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆளே ஏறாவிட்டாலும், வருடத்துக்கு 5 பவுன் அவருக்கு நிச்சயம். பாதை 3 பவுன்தான் சம்பாதித்தது என்றால் மீதி 2 பவுன் இந்திய அரசின் கஜானாவிலிருந்து, அதாவது நிலவரியிலிருந்தும் உப்பு வரியிலிருந்தும், போகும். நிலம் இலவசம். லாபம் கூடினால் அதில் பங்கும் உண்டு. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: வட்டி நிச்சயமான பிறகு, தான் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பதைப் பற்றி முதலீட்டாளருக்கு என்ன கவலை?

இன்னொரு கணக்கும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் எழுதியபோது ஒரு ரூபாய்க்கு 22 பென்ஸ் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த விகிதத்தில் 5 பவுன் வட்டிக்கு ஏறக்குறைய ஐம்பத்து நாலரை ரூபாய் ஆகும். பின்னர் வெள்ளி விலை சரிந்து, 1892–93இல் ரூபாய் 15 பென்ஸுக்கு இறங்கிவிட்டது. அதே 5 பவுனுக்கு இப்போது 80 ரூபாய் வேண்டும். பங்குதாரர் கையில் இருந்த பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது வரி கட்டியவன் சுமை. இந்திய ரயில்வே ஒட்டுமொத்தமாக அரசுக்கு லாபம் காட்டத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான். தாதாபாய் நௌரோஜி, ரமேஷ் சந்திர தத், நம் ஜி. சுப்பிரமணிய ஐயர் எல்லோரும் நாட்டின் செல்வம் வடிந்துபோவதைப் பேசியபோது இந்த வட்டியும் அவர்கள் கணக்கில் இருந்தது.

டேனியல் தார்னர் 1950இல் வெளியிட்ட ஆய்வில் தொடக்ககால இந்திய ரயில்வே முதலீட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தியாவிலிருந்து போன பணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. பங்குதாரர்கள் பெரும்பாலும் பிரிட்டனின் நடுத்தர வர்க்கம்: விதவைகள், பாதிரியார்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், மணமாகாத பெண்கள். நாகப்பட்டினத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத கிராமத்துப் பாதிரியாரின் முதுமைச் செலவுக்குத் தஞ்சாவூர் மிராசுதாரும் அவர் பண்ணையாளும் வரி கட்டினார்கள் என்றால் மிகையில்லை. அவர்களைத் தனித்தனியே வில்லனாக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான வட்டி எங்கே கிடைக்கிறதோ அங்கே போடுவதைத்தான் நாமும் செய்கிறோம்.

பத்திரம் ஏன் நம் கண்ணில் படவில்லை என்பது இப்போது விளங்கும். பதிவேடு லண்டனில், பங்குதாரர் லண்டனில், விற்பனையும் லண்டனில். பங்கு கைமாறும்போது பழைய பத்திரத்தை ஒப்படைத்தால்தான் புதியது தருவார்கள். 1890இல் அரசே பழைய தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதையை வாங்கிக்கொண்டது. அதே பெயரில் உருவான புதிய லண்டன் கம்பெனி, அரசுக்குச் சொந்தமான பாதையை ஓட்டும் ஒப்பந்தக்காரராக மட்டும் நின்றது. 1907 கடைசியில் மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தமும் முடிந்தது. 1944 ஏப்ரல் 1 அன்று தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடமிருந்து நிர்வாகமும் அரசின் கைக்கு வந்தது. 1951இல் அது தெற்கு ரயில்வேயின் ஒரு பகுதியாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் பங்குதாரர்களுக்குப் பணம் ஒழுங்காகப் பட்டுவாடா ஆனது. பத்திரங்களும் அதோடு போயின. ரஷ்யப் பத்திரம் மலிவாகக் கிடைப்பதும் தென்னிந்திய ரயில்வேயின் பத்திரம் அரிதாக இருப்பதும் ஒரே விதியின் இரண்டு விளைவுகள். நாம் பாக்கி வைக்கவே இல்லை.

இதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1890களிலிருந்து கிளைப் பாதைகளுக்கு ரூபாயில் பங்கு வெளியிடும் கம்பெனிகள் வந்தன. பம்பாயில் கில்லிக் நிக்சனும் கல்கத்தாவில் மார்ட்டின் கம்பெனியும் அவற்றை நிர்வகித்தன. தப்தி பள்ளத்தாக்கு ரயில்வே, ஹௌரா–ஆம்தா ரயில்வே போன்றவற்றின் பத்திரங்களில் குஜராத்தி, பார்சி, வங்காளிப் பெயர்கள் தென்படும். தமிழ்நாட்டில் நடந்தது வேறு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரயில் வரி ஒன்றையும் வசூலித்து 1894இல் மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையைப் போட்டது. போத்தனூர்–பொள்ளாச்சி, திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதைகளும் ஜில்லா போர்டு முயற்சிகள்தான். ஆக, ரயிலுக்கு நேராகப் பணம் கொடுத்த தமிழ்நாட்டுக் குடியானவனுக்குக் கிடைத்தது பங்குப் பத்திரம் இல்லை, வரி ரசீது.

இதைச் சீனத்தின் சிச்சுவானோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே சிச்சுவான்–ஹான்கௌ ரயில்வேக்காக நிலமுள்ளவர்களின் விளைச்சலில் ஒரு பங்கைக் கட்டாயமாக வசூலித்தார்கள். ஆனால் வசூலித்த பணத்துக்குப் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். 1911இல் பேரரசு அந்த ரயில்வேயை அரசுடைமையாக்கி, அயல்நாட்டு வங்கிகளின் கடனில் கட்ட முடிவு செய்தபோது, கையில் பத்திரம் வைத்திருந்த சாதாரண ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கடன்தான் மேலே சொன்ன ஹூகுவாங் கடன். ரயில் பாதுகாப்பு இயக்கம் என்று பெயர் பெற்ற அந்தக் கிளர்ச்சியை அடக்கப் படைகள் போன நேரத்தில் வூச்சாங்கில் புரட்சி வெடித்து, மன்னராட்சியே கவிழ்ந்தது. புரட்சிக்கு வேறு பல காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும், பணம் கட்டியவனிடம் ரசீது இருப்பதற்கும் பத்திரம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ரசீது வைத்திருப்பவன் வரி கட்டியவன், அவ்வளவுதான். பத்திரம் வைத்திருப்பவன் கேள்வி கேட்பான்.

தெற்கில் அந்தக் கேள்வி ரயிலில் எழவில்லை, கப்பலில் எழுந்தது. 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. உதவிச் செயலாளர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அந்த 25 ரூபாயைக் கவனிக்க வேண்டும். லண்டன் ரயில்வே பங்குகள் பவுனில் இருந்தன, பதிவேடு கடல் கடந்து இருந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ கடைக்காரரோ சிரமப்பட்டாவது எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை. பங்கு வாங்கும் உரிமை இந்தியர், இலங்கையர், பிற ஆசியர் ஆகியோருக்கே என்றும் வைத்திருந்தார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார்.

கம்பெனி பதிவாகி ஆறே நாளில், அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் வங்கி கதவைச் சாத்தியது. தென்னாட்டு உத்தியோகஸ்தர்கள், விதவைகள், கோயில்கள் வரை பணம் போட்டு வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி அது. அதன் லண்டன் பங்காளி மக்ஃபேடியன் சுரங்க ரயில் முன் விழுந்து உயிரை விட்டார், சென்னைப் பங்காளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வெள்ளைக்காரன் கையில் இருந்தால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கை ஒரே வாரத்தில் உடைந்தது. அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததற்கு இதுவே நேரடிக் காரணம். சுதேசிக் கப்பல் பங்கு விற்ற காலத்தின் மனநிலையை இந்தப் பின்னணியோடு வைத்துப் பார்ப்பது நல்லது. தேசபக்தி ஒரு பக்கம், அடிபட்ட முதலீட்டாளரின் விவேகம் இன்னொரு பக்கம்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. கம்பெனி கலைக்கப்பட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைப் பல ஆண்டு உழைப்பில் முழுமையாக எழுதியிருக்கிறார். சேகரிப்பாளர் கோணத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: உத்தரவாதத்தோடு ஓடிய ரயில்வே தன் வாக்கைக் காப்பாற்றி மறைந்தது, உத்தரவாதமே இல்லாத கப்பல் கம்பெனியின் வாக்கை அரசதிகாரம் முறித்துப்போட்டது. எங்காவது ஒரு வீட்டில் அந்த 25 ரூபாய்ப் பங்குப் பத்திரம் இருந்தால், அது கடன் தீராத புரோநோட்டுதான்.

ராஜபாளையத்தின் முறை 30 ஆண்டு கழித்து வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் லிமிடெட்டைப் பதிவு செய்தார். ஊர்க்காரர்களிடமும் பங்கு சேர்த்துத் தொடங்கிய பஞ்சாலை. 1939இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. அதற்கு நூல் பிடித்தாற்போல் பக்கத்துச் சத்திரப்பட்டியில் இன்றும் கட்டுத்துணி நெய்கிறார்கள். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 2013இல் அது ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது. ரயில் வந்து ஒன்பதே ஆண்டில் மில் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரமும் நிலக்கரியும் வண்டியில் வந்து இறங்க, நூல் பேல் வண்டியில் ஏற, பாதை தயாராக இருந்தது. லண்டன்காரரின் லாபத்துக்காக ஓடிய ரயில் உள்ளூர் முதலுக்கும் வழி திறந்துவிட்டதை மறைப்பது நேர்மையாகாது.

நம் டிரங்குப் பெட்டிகளில் தேட வேண்டியது இந்த வகைக் காகிதத்தைத்தான்: மில் ஷேர், நிதி கம்பெனி ஷேர், 1921இல் தூத்துக்குடியில் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆகியிருக்கும் நாடார் வங்கியின் ஷேர். அக்காலப் பத்திரங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கனத்த தாள், ஓரத்தில் கொடி போல் பின்னிய கோலம். மேலே இடப்பக்கம் பத்திர எண், வலப்பக்கம் பேரேட்டுப் பக்க எண். நடுவில் பங்குதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரையுள்ள பங்குகள் அவருக்குச் சொந்தம் என்பதும் கையால் எழுதியிருக்கும். கீழே இரண்டு டைரக்டர்கள், ஒரு செக்ரட்டரி கையெழுத்து. ஓரத்தில் கம்பெனி முத்திரையை அழுத்திய மேடு. மை இருக்காது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும்.

இவ்வளவும் முன்பக்கம். ஏலக்காரர்கள் இதைத்தான் படம் பிடித்துப் போடுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் மாற்றங்களின் அட்டவணை இருக்கும்: தேதி, மாற்றல் எண், யாருக்கு மாறியது, அதிகாரியின் சுருக்கொப்பம். கணவன் பெயரிலிருந்து மனைவி பெயருக்கு ஒரு பங்கு மாறியிருந்தால், அது மரணத்தால் வந்ததா, வேறு காரணமா என்று தேதி சொல்லும். ஒரு சாதிக்குள்ளேயே சுற்றி வந்த பங்கு எந்த ஆண்டு வெளியாள் கைக்குப் போயிற்று, உள்ளூர் விலாசம் எப்போது சென்னை விலாசம் ஆயிற்று என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தெற்கத்திச் சிறுநகரங்களில் முதல் எப்படித் திரண்டது என்பதை எழுத வருகிறவருக்கு இந்தப் பின்பக்கங்களைவிட நல்ல ஆதாரம் இல்லை. படத்துக்கும் கையெழுத்துக்கும் விலை கொடுக்கிற சந்தை இதற்கு விலை வைப்பதில்லை. சேகரிப்பாளர்கள்மேல் எனக்குள்ள ஒரே குறை இது.

வீட்டில் பழைய பத்திரம் கிடைத்தால் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஜபாளையம் மில்ஸ் இன்றும் பங்குச்சந்தையில் வர்த்தகமாகும் கம்பெனி. அதுபோன்ற கம்பெனியின் பத்திரத்தைப் பழைய காகிதம் என்று நாணயக் கண்காட்சிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து காகிதப் பங்குகள் மின்பதிவாக மாறத் தொடங்கின. 2019 ஏப்ரல் 1 முதல் காகித வடிவில் பங்கை விற்று மாற்ற முடியாது. ஆனால் வாரிசுக்கு உரிமை மாறுவதற்கு அந்தத் தடை பொருந்தாது. தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்டு கேட்கப்படாமல் கிடந்தால், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி அந்தப் பங்கு முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் தொலைந்துவிடாது, உரிய வாரிசு விண்ணப்பித்து மீட்கலாம்.

எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. தங்கத்தில் திருப்பித் தரப்படும் என்று அச்சடித்த பழைய அமெரிக்க ரயில்வே பத்திரங்களைக் காட்டி, இது இன்று கோடிக்கணக்கில் பெறும் என்று ஆசை காட்டும் கும்பல்களைப் பற்றி அமெரிக்கக் கருவூலமே எச்சரித்திருக்கிறது. தங்க வாசகத்தை அந்நாட்டுக் காங்கிரஸ் 1933இலேயே செல்லாததாக்கிவிட்டது. அந்தத் தாளுக்குச் சேகரிப்பு விலை உண்டு, அதற்கு மேல் ஒரு சல்லிக்காசு கிடையாது.

கம்பெனி உண்மையிலேயே மறைந்துபோயிருந்தால், விற்கும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 75 ஆண்டுக்குக் குறையாத வயதும் வரலாற்று மதிப்பும் கொண்ட ஆவணம் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சுதேசிக் கப்பல் பங்கு போன்ற ஒன்றை வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் போட்டுவிட்டுப் பிறகு விழிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விற்பது உங்கள் விருப்பம். அதற்குமுன் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, பிரதி ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கோ, உள்ளூர்க் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ, 1875இலிருந்து நடந்துவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்கோ கொடுங்கள். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கின் சூட்டில் மை இளகிப்போகும், முத்திரையின் மேடு நசுங்கிப்போகும், பிறகு அதைத் திரும்பப் பிரித்தெடுப்பது நிபுணருக்கும் பெரும்பாடு. பாலிதீன் உறை வேண்டாம், பசைநாடா வேண்டாம். அமிலமில்லாத தாளில் மடிக்காமல் வைத்து, பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் இருந்தாலே இன்னொரு நூறு வருஷம் தாங்கும்.